பேரண்டம் விரிகிறது: எப்படிக் கணக்குப் போட்டார்கள்?

அழகர்கோவில் சாலையில் போயிருக்கிறீர்களா? சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் மலையை விட்டுக் கிளம்பி மதுரைக்கு வருகிற வழி அது. பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று ஊர்கள் வரிசையாக வரும். வழிநெடுக, அழகர் தங்கிச் செல்லும் மண்டகப்படிகள். மொத்தம் சுமார் 20 கிலோமீட்டர்.

இந்தச் சாலையை வைத்து இன்று ஒரு பெரிய விஷயத்தைப் புரிந்துகொள்ளப் போகிறோம். நாம் வாழும் பேரண்டம் விரிந்துகொண்டே போகிறது என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். யாரும் டேப் பிடித்து அதை அளந்ததில்லை. பேரண்டத்துக்கு வெளியே போய் நின்று பார்த்தவரும் இல்லை. பிறகு எப்படித் தெரிந்தது? முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். பிறகு அந்தக் கணக்கு சரியா என்று வானத்தைப் பார்த்துச் சோதித்தார்கள். அந்தச் சோதனையில் நம் தமிழ்நாட்டு மலைச்சரிவு ஒன்றுக்கும் பங்கு உண்டு.

சாலை நீண்டால் என்ன ஆகும்?

அழகர்கோவில் வாசலில் 0 என்று ஒரு கல் நட்டு, அங்கிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கல் என்று 20 கல் நட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது ஓர் அதிசயம் நடக்கிறது. ஒரு மணி நேரத்தில் சாலை முழுவதும் ஒரே சீராக இரண்டு மடங்கு நீளமாகிவிடுகிறது. கற்கள் பெரிதாகவில்லை. இடையில் உள்ள சாலை மட்டும் நீள்கிறது.

நீங்கள் 0 கல்லில் நிற்கிறீர்கள். 1 கிலோமீட்டர் தள்ளி இருந்த கல் இப்போது 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 5-இல் இருந்தது 10-க்குப் போய்விட்டது. 20-இல் இருந்தது 40-க்குப் போய்விட்டது. ஆக, முதல் கல் மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் உங்களை விட்டு விலகியது. ஐந்தாம் கல் மணிக்கு 5 கிலோமீட்டர். இருபதாம் கல் மணிக்கு 20 கிலோமீட்டர். எவ்வளவுக்கு எவ்வளவு தூரமோ, அவ்வளவுக்கு அவ்வளவு வேகம்.

இனி உங்கள் தோழி ஒருத்தி பத்தாம் கல்லில் நிற்கட்டும். அவளுக்கு ஒன்பதாம் கல்லும் விலகுகிறது, பதினொன்றாம் கல்லும் விலகுகிறது, இரண்டும் ஒரே வேகத்தில். நீங்கள் நிற்கும் 0 கல்லும் அவளை விட்டு மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. "எல்லாம் என்னை விட்டுத்தான் ஓடுகின்றன, நான்தான் நடுவில் இருக்கிறேன்" என்று அவளும் சொல்லலாம், நீங்களும் சொல்லலாம். உண்மையில் யாரும் நடுவில் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இருபதாம் கல் முதலில் இருந்த தூரத்தை அதன் வேகத்தால் வகுத்தால் 1 மணி நேரம் வரும். ஐந்தாம் கல்லுக்கும் அதே 1 மணி நேரம்தான். எந்தக் கல்லை எடுத்தாலும் ஒரே விடை. கற்கள் எப்போதுமே இதே வேகத்தில் விலகி வந்திருந்தால், நாம் பார்க்கத் தொடங்கியதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எல்லாக் கற்களும் ஒரே இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

கற்கள் இருக்கும் இடத்தில் விண்மீன் திரள்களை வையுங்கள். பேரண்டத்தின் விரிவு அதுதான். பெரிய திரள் ஒவ்வொன்றிலும் பல ஆயிரம் கோடி விண்மீன்கள் உண்டு. நம் சூரியன் இருக்கும் பால்வீதியும் அப்படி ஒரு திரள். கல் நீளாதது போலவே பால்வீதி நீளவில்லை, பூமி நீளவில்லை, நீங்களும் நானும் நீளவில்லை. ஈர்ப்பு விசையும் அணுக்களுக்கு இடையே உள்ள விசைகளும் இவற்றை இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன. திரள் கூட்டங்களுக்கு இடையே உள்ள வெளிதான் விரிகிறது.

வானிலை ஆய்வாளர் போட்ட கணக்கு

1915-ஆம் ஆண்டு ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விசைக்குப் புதிய சமன்பாடுகளைத் தந்தார். 1917-இல் அவற்றை முழுப் பேரண்டத்துக்கும் பொருத்திப் பார்த்தார். பேரண்டம் அசையாமல் நிற்கிறது என்றே அன்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் பொருள்கள் ஒன்றையொன்று இழுத்தால் பேரண்டம் சுருங்கிவிடுமே! அதைத் தடுக்க, ஐன்ஸ்டைன் தன் சமன்பாட்டில் கூடுதலாக ஓர் உறுப்பைச் சேர்த்தார். இழுப்புக்கு எதிராகத் தள்ளுகிற உறுப்பு அது.

ரஷ்யாவில் அலெக்சாண்டர் ஃப்ரீட்மன் என்று ஒரு கணித மேதை இருந்தார். வானிலை ஆய்வும் அவருடைய வேலை. பேரண்டம் நின்றே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அவர் விட்டுவிட்டார். "எங்கே நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு சமன்பாடுகளைத் தீர்த்தார். பேரண்டம் விரியலாம், சுருங்கலாம் என்று விடை வந்தது. 1922-இல் அதை வெளியிட்டார். கணக்கில் தவறு இருக்கிறது என்று ஐன்ஸ்டைன் எழுதினார். மறு வருடமே, தவறு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். 1925-இல், 37 வயதில், ஃப்ரீட்மன் இறந்துவிட்டார். தன் கணக்கு வானத்தில் மெய்யானதை அவர் பார்க்கவே இல்லை.

ஃப்ரீட்மன் கணக்கின் அழகு என்ன தெரியுமா? இவ்வளவு பெரிய பேரண்டத்தின் வளர்ச்சியை அது ஒரே ஓர் எண்ணில் அடக்கிவிடுகிறது. அதை விரிவு எண் என்று சொல்வோம். இன்றைக்கு அதன் மதிப்பு 1. ஒரு காலத்தில் அது ½ ஆக இருந்தது. அப்போது திரள்களுக்கு இடையே இருந்த தூரமெல்லாம் இன்றைய தூரத்தில் பாதி. நீளம், அகலம், உயரம் மூன்றும் பாதி என்பதால் கன அளவு எட்டில் ஒரு பங்கு. அதே பொருள் எட்டில் ஒரு பங்கு இடத்தில் இருந்ததால் அடர்த்தி 8 மடங்கு. அந்தக் காலத்தில் கிளம்பிய ஒளி இன்று நம்மிடம் வந்து சேரும்போது அதன் அலைநீளமும் 2 மடங்காக நீண்டிருக்கும். ஓர் எண்ணைச் சொன்னால் இத்தனையும் தெரிந்துவிடுகிறது!

அந்த எண் நாளடைவில் எப்படி மாறும் என்பதைப் பேரண்டத்தில் உள்ள பொருளின் அளவு தீர்மானிக்கிறது. பொருள் அதிகமாக இருந்தால் ஈர்ப்பு வென்று, விரிவு நின்று, திரும்பச் சுருங்கும். குறைவாக இருந்தால் விரிவு நிற்கவே நிற்காது. கூடுதல் தள்ளும் விசை எதுவும் இல்லாவிட்டால் இதுதான் கணக்கு. இப்படிச் சில விதிகளையும் சில எண்களையும் வைத்து இயற்கையைக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பதற்குத்தான் கணித மாதிரி என்று பெயர்.

வானம் சொன்ன பதில்

ஒளியின் அலைநீளம் நீண்டால் அது சிவப்பு நிறத்தின் பக்கம் நகரும். இதைச் செம்பெயர்ச்சி என்பார்கள். அமெரிக்காவில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912 முதல் திரள்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்து வந்தார். பெரும்பாலானவற்றில் செம்பெயர்ச்சி தெரிந்தது. அவை நம்மை விட்டு விலகுகின்றன என்று அதற்குப் பொருள்.

1927-இல் பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் ஜார்ஜ் லெமெட்ர், ஃப்ரீட்மன் கணக்கைப் பற்றித் தெரியாமலே அதே மாதிரியான கணக்கைப் போட்டார். அந்த விலகலையும் பேரண்ட விரிவையும் இணைத்துக் காட்டினார். 1929-இல் எட்வின் ஹபிள் தூரங்களை அளந்து, தூரம் கூடக் கூட வேகமும் கூடுகிறது என்று வரைபடம் வரைந்தார். நம் அழகர்கோவில் சாலையின் கற்கள் செய்த அதே வேலை! இன்று இது ஹபிள்-லெமெட்ர் விதி எனப்படுகிறது.

ஆனால் ஒரு சிக்கல் முளைத்தது. கற்களுக்குப் போட்ட வகுத்தல் கணக்கை ஹபிளின் அளவுகளுக்குப் போட்டால், பேரண்டத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டு என்று வந்தது. பூமியோ அதைவிட மூத்தது. அதன் வயது 454 கோடி ஆண்டு என்று இன்று நமக்குத் தெரியும். தாயைவிட மகள் மூத்தவளாக இருக்க முடியுமா?

1948-இல் இங்கிலாந்தில் ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட், ஃப்ரெட் ஹாய்ல் மூவரும் வேறு வழி சொன்னார்கள். பேரண்டம் விரிவது உண்மை. ஆனால் அதற்குத் தொடக்கமே இல்லை. திரள்கள் விலக விலக, இடையில் புதிய பொருள் மிக மிகச் சிறிதளவாக உண்டாகிக்கொண்டே இருக்கிறது. அதனால் பேரண்டம் எங்கே பார்த்தாலும் மட்டுமல்ல, எப்போது பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். இது மாறாநிலைக் கொள்கை. தொடக்கம் உண்டு என்ற கொள்கையை 'பிக் பேங்' என்று 1949-இல் பி.பி.சி. வானொலியில் பேசும்போது ஹாய்ல் குறிப்பிட்டார். அதுதான் நாம் சொல்லும் பெருவெடிப்பு. ஹாய்லின் மாணவரான நம் நாட்டு ஜயந்த் நார்ளிகரும் பெருவெடிப்பை ஏற்கவில்லை. மாற்று மாதிரிகளைக் கடைசி வரை விடாமல் ஆராய்ந்தார்.

1950-களில், திரள்களின் தூரத்தை ஹபிள் குறைவாகக் கணக்கிட்டுவிட்டார் என்று தெரிந்து, 200 கோடிச் சிக்கல் மெல்லத் தீர்ந்தது. ஆனாலும் போட்டி தீரவில்லை. இரண்டு மாதிரிகளிலும் கணக்கு சரியாகவே இருந்தது. எது உண்மை என்று வானத்தைத்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது?

தொலைவைப் பார்ப்பது என்றால் பழங்காலத்தைப் பார்ப்பது என்று பொருள். 500 கோடி ஒளியாண்டு பயணம் செய்து வந்த ஒளி, 500 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செய்தியைக் கொண்டுவருகிறது. பேரண்டம் எப்போதும் ஒரே மாதிரி என்றால், தொலைவில் உள்ள திரள்களும் பக்கத்தில் உள்ளவை போலவே இருக்க வேண்டும். வேறு மாதிரி இருந்தால் மாறாநிலைக் கொள்கை தோற்றது!

ஊட்டியின் மலைச்சரிவு

இந்தக் கேள்வியைக் கேட்ட இடங்களில் ஒன்று ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள முத்தோரை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும் அங்கே ஒரு பெரிய ரேடியோ தொலைநோக்கியைக் கட்டினார்கள். 1970-இல் அது வேலையைத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். வளைவான 24 எஃகுச் சட்டங்களின் மேல், முழு நீளத்துக்கும் 1100 மெல்லிய எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை அவை குவிக்கின்றன.

அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அந்த மலை வடக்கு-தெற்காக ஏறக்குறைய 11 பாகை சாய்ந்திருக்கிறது. ஊட்டியின் அட்சரேகையும் ஏறக்குறைய 11 பாகை. அதனால் சரிவோடு படுத்திருக்கும் தொலைநோக்கியின் நீளமான அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அந்த ஒரே அச்சில் மெல்லச் சுழற்றினாலே போதும், வானத்தில் நகரும் ஒரு பொருளைத் தொடர்ந்து 9½ மணி நேரம் பின்தொடரலாம்.

பின்தொடர வேண்டிய பொருள் எது தெரியுமா? நிலா! சித்ரா பௌர்ணமிக்கு முந்தைய இரவில், கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்காகத் தல்லாகுளத்தில் நிற்கும்போது மேலே பாருங்கள். நிலாவுக்குப் பக்கத்திலோ சற்றுத் தள்ளியோ வெண்மையாக ஒரு நட்சத்திரம் தெரியும். அதுதான் சித்திரை. சில வருடங்களில் நிலா நகர்ந்து வந்து சித்திரையை மறைத்துவிடுவதும் உண்டு. அதேபோல, தொலைவிலிருந்து ரேடியோ அலைகளை அனுப்பும் திரள்களையும் நிலா மறைக்கும். அந்த மறைப்பை வைத்து அவற்றின் அளவைக் கண்டுபிடித்தார்கள்.

கணக்கை நீங்களே போடலாம். ஒரு பாகைக்கு 60 கலை. ஒரு கலைக்கு 60 விகலை. வானத்தில் நிலாவின் அகலம் அரைப் பாகை. அதாவது 1800 விகலை. நட்சத்திரங்களுக்கு நடுவே நிலா தன் அகல அளவுக்கு நகர ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதாவது 3600 விநாடி பிடிக்கிறது. 1800 விகலைக்கு 3600 விநாடி என்றால் ஒரு விகலைக்கு 2 விநாடி. ஒரு ரேடியோ திரளின் அகலம் 5 விகலை என்றால், நிலாவின் விளிம்பு அதை முழுசாக மறைக்க சுமார் 10 விநாடி ஆகும். அந்த 10 விநாடியில் தொலைநோக்கியில் பதிவாகும் கோடு படிப்படியாகக் கீழே இறங்கும். திரள் மிகச் சிறியது என்றால் கோடு சட்டென்று விழுந்துவிடும். கோடு விழும் விதத்தைப் பார்த்தே திரளின் அகலத்தைச் சொல்லிவிடலாம்!

இப்படி நூற்றுக்கணக்கான மங்கலான ரேடியோ திரள்களை அளந்தார்கள். பொதுவாகப் பார்த்தால் மங்கலானவை தொலைவில் இருப்பவை, ஆகவே பழங்காலத்தவை. 1975-இல் ஸ்வரூப்பும் அவர் குழுவில் இருந்த விஜய் கபாஹியும் முடிவுகளை வெளியிட்டார்கள். மங்கலான திரள்களின் அளவுகள் மாறாநிலைக் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை. பழங்காலத்து ரேடியோ திரள்கள் இன்றைய திரள்களைவிடச் சிறியவை என்று எடுத்துக்கொண்டால்தான் கணக்கு பொருந்தியது. பேரண்டம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கவில்லை. அது மாறி வந்திருக்கிறது.

ஊட்டி மட்டும் தனியாக இதைச் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் ரேடியோ திரள்களை எண்ணிப் பார்த்து, மாறாநிலைக் கொள்கை சொல்வதைவிட மங்கலானவை அதிகம் இருக்கின்றன என்று முன்பே காட்டியிருந்தார். 1965-இல் பென்சியாஸ், வில்சன் என்ற இரு விஞ்ஞானிகள் வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் மெல்லிய வெப்பக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்தார்கள். அதன் வெப்பநிலை 2.7 கெல்வின். விரிவு எண் 1100-இல் ஒரு பங்காக இருந்தபோது அது ஏறக்குறைய 3000 கெல்வினாக இருந்திருக்கும். பெருவெடிப்புக்கு 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒளி தடையில்லாமல் கிளம்பிய காலம் அது. இத்தனை சாட்சிகளும் ஒரே பக்கம் பேசியதால்தான் பெருவெடிப்பு மாதிரி வென்றது.

நம்மவர்கள் இன்னும் இருவர்

கொல்கத்தாவில் அமல் குமார் ராய்சௌதுரி ஒரு கூர்மையான கேள்வி கேட்டார். "பேரண்டம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டதால்தான், பின்னோக்கிப் போனால் எல்லாம் ஓரிடத்தில் சேர்கிறதோ?" அந்த அனுமானமே இல்லாமல் அவர் கணக்குப் போட்டார். ஈர்ப்பு, பொருள்களின் பாதைகளை எப்படி ஒன்றை நோக்கி ஒன்றாகக் குவிக்கிறது என்று காட்டும் சமன்பாடு கிடைத்தது. 1955-இல் வெளியான அந்தச் சமன்பாடு அவர் பெயரிலேயே வழங்குகிறது. பிற்காலத்தில் பென்ரோஸ், ஹாக்கிங் என்ற விஞ்ஞானிகள் இருவரும் புகழ்பெற்ற தங்கள் தேற்றங்களை நிறுவ அது பெரிதும் உதவியது.

மற்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே ஒரு கணக்கைத் தொடங்கினார். வெள்ளைக் குள்ளன் என்ற வகை விண்மீன் சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல் எடை தாங்காது என்பது அந்தக் கணக்கின் முடிவு. அந்த எல்லையை நெருங்கும் வெள்ளைக் குள்ளன்கள் வெடித்துச் சிதறுவது உண்டு. அந்த வகை வெடிப்புகளின் உண்மையான ஒளியை நன்றாகக் கணிக்க முடியும். அதனால் வெடிப்பு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்து, அது எவ்வளவு தூரத்தில் நடந்தது என்று சொல்லிவிடலாம்.

1998-இல் இரண்டு குழுக்கள் இப்படித் தொலைதூர வெடிப்புகளை அளந்தன. எதிர்பார்த்ததைவிட அவை மங்கலாக இருந்தன. பேரண்டத்தின் விரிவு குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது! ஐன்ஸ்டைன் 1917-இல் சேர்த்து, பிறகு கைவிட்ட அந்தத் தள்ளும் உறுப்பு திரும்பவும் கணக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குக் காரணமானதை இன்று இருண்ட ஆற்றல் என்கிறார்கள். பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் சுமார் 70 சதவீதம் அதுதான். அது உண்மையில் என்ன என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

உங்களுக்கு ஒரு கணக்கு

கணித மாதிரியை மனப்பாடம் செய்ய வேண்டாம், அதைக் கேள்வி கேளுங்கள். "நீ சொல்வது உண்மை என்றால் வானத்தில் என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்டு, அதை அளந்து பார்ப்பதுதான் அறிவியல். முத்தோரையில் செய்தது அதைத்தான். இன்றும் அந்த வேலை முடிந்துவிடவில்லை.

பென்சிலை எடுங்கள். 32 லட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு தூரத்துக்கு ஒரு மெகாபார்செக் என்று பெயர். ஒவ்வொரு மெகாபார்செக்குக்கும் விலகும் வேகம் விநாடிக்கு எத்தனை கிலோமீட்டர் கூடுகிறது? பேரண்டத்தின் பழைய கதிர்வீச்சை அளந்து மாதிரியில் பொருத்தியவர்கள் சுமார் 67 என்கிறார்கள். விண்மீன்களையும் வெடிப்புகளையும் அளந்தவர்கள் சுமார் 73 என்கிறார்கள். இரண்டு தரப்பும் கவனமாகவே அளந்திருக்கிறார்கள். இப்போது 100 மெகாபார்செக் தூரத்தில் உள்ள ஒரு திரள் எவ்வளவு வேகத்தில் விலகும் என்று இரண்டு எண்களாலும் பெருக்கிப் பாருங்கள். ஒரு விடை விநாடிக்கு 6700 கிலோமீட்டர், மற்றொன்று 7300 கிலோமீட்டர். நடுவில் நிற்கும் அந்த 600 கிலோமீட்டர் வித்தியாசம் ஏன் வருகிறது என்பதுதான் இன்றைய அண்டவியலின் மிகப் பெரிய கேள்விகளில் ஒன்று.